கொல்லைப்புறக் குழி

மார்ச் 12, புதன்

விடியற்காலையில் நல்ல மழை. எழுந்து கொல்லைக் கதவைத் திறந்தால் குழி நிரம்பித் தளும்பிக்கொண்டிருக்கிறது. தவளை ஒன்று வேறு குடிவந்துவிட்டது. வீட்டுக்கு ஆளே வருவதில்லை என்று நான் புலம்பியது அதன் காதில் விழுந்திருக்கும் போல.

இவர் விட்டுவிட்டுப் போன குழி. ரப்பர் வளையத்தை வலைக்கு மேலே எறிந்து பிடிக்கிற வளையப்பந்துக்குக் கோர்ட் போடப் போகிறேன் என்று டிசம்பர் முழுக்க வேலை விட்டு வந்ததும் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிடுவார். ஜனவரியில் பாலம் கட்டுகிற இடத்துக்கு வேலையாகப் போனார். "ரெண்டு மாசம்தான். வந்து முடிச்சுடறேன்" என்றார். ரெண்டு மாசம் முடிந்துவிட்டது. சரி, பாலம் என்றால் முன்னே பின்னே ஆகத்தான் செய்யும்.

மத்தியானம் போனில் குழி நிரம்பிவிட்டது என்று சொன்னேன். "நீ கை வைக்காதே, நான் வந்து பாத்துக்கறேன்" என்றார். மனசுக்கு நிம்மதியாக இருந்தது.

மார்ச் 16, ஞாயிறு

இன்று போன் இல்லை. அங்கே சிக்னல் சரியாகக் கிடைக்காதாம்.

மார்ச் 23, ஞாயிறு

பக்கத்து வீட்டுக்காரர் வந்து கொசு தாங்க முடியவில்லை என்றார். சண்டை போடாமல் பொறுமையாகச் சொன்னதுதான் எனக்குக் கூச்சமாகப் போய்விட்டது. பக்கெட்டை எடுத்துக்கொண்டு இறங்கினேன். இடுப்பு ஒடிய இறைத்த பிறகு அடியில் ஜல்லி தலைகாட்டியது. போவதற்கு முன் ஒரு லோடு ஜல்லியை இவர்தான் உள்ளே கொட்டினார். ஜல்லி போட்டால் தண்ணீர் தானாக இறங்கிவிடும் என்று யாரோ சொன்னார்களாம். சாயங்காலம் எட்டிப் பார்த்தால் ஜல்லி மறுபடியும் முழுகிக் கிடக்கிறது. எங்கிருந்துதான் ஊறுகிறதோ. எங்கள் மண் களிமண். மழையில் செருப்பைப் பிடுங்கும், வெயிலில் வாயைப் பிளக்கும்.

இறைத்துக்கொண்டிருக்கும்போது பின்சுவருக்கு அந்தப் பக்கம் அண்ணி துணி உலர்த்துவது தெரிந்தது. அண்ணி என்றால் இவருடைய அக்கா. பின்வீட்டில் தனியாக இருக்கிறார். அவர் மனை எங்களுடையதைவிடத் தாழ்வு. நான் சுவரோரம் நின்றால் அவர் கொடிக்கயிறு எனக்குக் கீழே தெரியும். "அண்ணி" என்று கூப்பிட்டேன். பாதித் துணியை வாளியிலேயே விட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

எனக்கு என்ன புரிகிறது என்றால், தம்பி வெளியூர் போய்க் கஷ்டப்படுவதற்கு நான்தான் காரணம் என்று நினைக்கிறார். நானா அனுப்பினேன்?

ஏப்ரல் 4, வெள்ளி

கடையில் இன்று கூட்டம். காலையிலிருந்து ஒவ்வொருவர் மூக்கிலும் கண்ணாடியை மாட்டி, "இதுல தெளிவா இருக்கா, அதுல தெளிவா இருக்கா" என்று கேட்டுக் கேட்டுத் தொண்டை வறண்டுவிட்டது. கூட வேலை செய்கிறவள், "உங்க வீட்டு நீச்சல் குளம் எப்போ திறக்கறீங்க?" என்று கேட்டாள். நானும் சிரித்துவைத்தேன்.

ஒரு வயதான ஜோடி வந்திருந்தது. அவர் ஃபிரேமைப் போட்டுக்கொண்டு அந்த அம்மாவைப் பார்க்க, அந்த அம்மா தலையை மட்டும் ஆட்டினார். அடுத்ததைப் போட்டார். அதற்கும் ஓர் ஆட்டல். ஒரு வார்த்தை பேசவில்லை இரண்டு பேரும். வீட்டுக்கு வந்ததும் பரணிலிருந்து ரப்பர் வளையத்தை எடுத்துத் துடைத்தேன்.

கம்பெனிகளுக்கு இடையில் நடந்த கலப்பு இரட்டையர் போட்டியில் ஆள் இல்லாமல் எங்களை ஜோடி சேர்த்தார்கள். அப்படித்தான் ஆரம்பம். நான் வலப்பக்கம், இவர் இடப்பக்கம். முதல் நாளே பிரித்துக்கொண்டது, கல்யாணத்துக்குப் பிறகும் மாறவில்லை. இடப்பக்கம் வருகிற வளையத்தை நான் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டேன். பார்க்க வேண்டிய அவசியமே வந்ததில்லை.

பிள்ளை இல்லாத வீட்டில் ஓடி விளையாட நாமாவது இருப்போம் என்று நான்தான் கோர்ட் பேச்சை எடுத்தேன். அது போன வருஷம்.

ஏப்ரல் 19, சனி

போன் வந்தது. அரைகுறையாகத்தான் பேசினார். சாப்பிட்டாயா, சாப்பிட்டேன். உடம்பு எப்படி, நன்றாக இருக்கிறது. என்னத்தைக் கேட்பது? கேட்க நினைத்ததைக் கேட்க வரவில்லை. குழியை என்ன பண்ணட்டும் என்று கேட்டேன்.

"உன் இஷ்டம்" என்றார்.

உன் இஷ்டமாம். போன மாசம் கை வைக்காதேன்னு சொன்ன வாய்தானே அது? அந்த ஒரு வார்த்தையைப் பிடிச்சுக்கிட்டுத்தானே கொசுக்கடியில உக்காந்திருக்கேன் — பக்கத்து வீட்டுக்காரர்கிட்ட பேச்சு வாங்கிக்கிட்டு? வர்றவர் அப்படிச் சொல்வாரா?

இல்லை, நான்தான் ஒன்றை ஒன்பதாக்குகிறேன். வேலை அலுப்பாக இருக்கும்.

மே 2, வெள்ளி

இவர் வருவதற்குள் தண்ணீர்ப் பிரச்சினையையாவது தீர்த்துவைப்போம் என்று கோர்ட் போடுகிற ஆளைக் கண்டுபிடித்துப் பேசினேன். நாளைக்கு வருகிறாராம்.

மே 3, சனி

வரவில்லை. கேட்டால் நாளைக்கு என்கிறார்.

மே 6, செவ்வாய்

ஒருவழியாக 'நாளைக்கு' வந்து சேர்ந்தார். இனிமேல் அவருக்கு அதுதான் பேர். வாய் ஓய்கிற ஆளில்லை. எந்தெந்தப் பெரிய வீட்டில் கோர்ட் போட்டார், யார் யார் கையைக் குலுக்கினார்கள் என்பதையெல்லாம் கேட்டு முடித்த பிறகுதான் குழிப் பக்கம் திரும்பினார்.

கொஞ்சம் மண்ணை எடுத்து உள்ளங்கையில் உருட்டினார். புழு மாதிரி நீளமாகத் திரண்டதே தவிர உடையவில்லை. குழிக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு பள்ளம் தோண்டித் தண்ணீரை ஊற்றிவிட்டு, நாளைக்குப் பார்க்கிறேன் என்று கிளம்பினார். அதற்கு முன்பு குழியை இன்னொரு தடவை பார்த்து, "எதுக்கும்மா இவ்வளவு ஆழம்? முழங்கால் அளவுகூட வேண்டாமே. கிணறு தோண்ட நினைச்சாரா உங்க வீட்டுக்காரர்?" என்றார்.

எனக்கும் தெரியவில்லை. இவர் எதையும் அளவோடு செய்கிற ஆள்.

மே 8, வியாழன்

ஊற்றிய தண்ணீர் ஊற்றியபடியே நிற்கிறது. 'நாளைக்கு' அதைக் காட்டி ஒரு பாடமே எடுத்துவிட்டார். களிமண்ணில் பள்ளம் தோண்டினால் அது கிண்ணம். கிண்ணத்தில் ஜல்லியைக் கொட்டினால் தண்ணீர் ஒளிந்துகொள்ளுமே தவிர எங்கும் போகாது. மேலே என்ன தளம் போட்டாலும் ஒரு மழைக்குத் தூக்கும், ஒரு வெயிலுக்கு விரியும். கீழே இறங்காத தண்ணீரைப் பக்கவாட்டில்தான் வெளியே கொண்டுபோக வேண்டும். தாழ்வான மூலையில் சுவரைக் குடைந்து, பின்மனை வழியாகக் குழாயை ஓட்டி, அந்தத் தெருச் சாக்கடையில் விட வேண்டும். முன்பக்கம் மேடு, அந்தப் பக்கம் தண்ணீர் ஏறாது.

"பின்வீட்டுக்காரங்க யாரு, தெரிஞ்சவங்களா?"

"நாத்தனார்."

"அப்போ வேலை சுலபம்" என்றார். அவருக்கு நாத்தனார் கிடையாது போலிருக்கிறது.

வேறு வழி சொல்லுங்கள் என்றேன். மூலையில் ஓர் உறிஞ்சு குழி போட்டுவிடலாம், நான் பொறுப்பு என்று மார்தட்டினார்.

மே 15, வியாழன்

நேற்றைய மழையில் உறிஞ்சு குழியும் நிரம்பிவிட்டது. ஒரு குழி இருந்த இடத்தில் இப்போது இரண்டு. பொறுப்பேற்றவரைக் கூப்பிட்டால், "நான்தான் அன்னிக்கே களிமண்ணுன்னு சொன்னேனேம்மா" என்கிறார். சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

இவருக்கு இரண்டு தடவை போன் போட்டேன். எடுக்கவில்லை. அண்ணியிடம் கேட்டே ஆக வேண்டும்.

மே 18, ஞாயிறு

போனேன். வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டுதான் போனேன். தெருவைச் சுற்றிக்கொண்டு போவதற்குள் நாலு தடவை மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்தேன்.

கதவைத் திறந்த அண்ணியின் முகம் வெளுத்துப்போய்விட்டது. நான் வாயைத் திறப்பதற்கு முன்பே கேட்டார்.

"உனக்கு யார் சொன்னா?"

"எதை அண்ணி?"

நான் பாட்டுக்குச் சுவர், குழாய், சாக்கடை என்று ஒப்பிக்க ஆரம்பித்தேன். வாய் பேசிக்கொண்டிருக்கும்போதே மனசு அந்தக் கேள்வியையே சுற்றியது. யார் சொன்னா என்றால், சொல்வதற்கு ஏதோ இருக்கிறது என்றுதானே?

முழுவதையும் கேட்டார். "தாராளமா விடு. என் பக்கம் வரட்டும்" என்றார். என்னை உட்காரவைத்து, தானும் எதிரில் உட்கார்ந்து, தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"கோர்ட் போடு, இல்லை மூடிட்டுச் செடி வை. எது வேணாலும் பண்ணு. அவன் வந்து முடிப்பான்னு மட்டும் அதைத் திறந்து வெச்சுக்கிட்டு உக்காராதே. அவன் வரமாட்டான்மா."

அங்கே இன்னொருத்தியோடு வீடு எடுத்து இருக்கிறாராம். பழக்கம் போன வருஷத்திலிருந்தே. அந்த ஊர் வேலைக்கும் யாரும் அனுப்பவில்லை, தானாகக் கேட்டு வாங்கிக்கொண்டது. டிசம்பரிலேயே அக்காவிடம் சொல்லிவிட்டார். என்னிடம் தானே சொல்வதாகவும், அதுவரை வாயைத் திறக்கக் கூடாது என்றும் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாராம்.

எனக்கு அப்போது கேட்கத் தோன்றியது ஒன்றுதான். "போறவர் எதுக்கு அண்ணி தோண்டினார்?"

"இன்னிக்குச் சொல்லிடறேன், இன்னிக்குச் சொல்லிடறேன்னுதான் வீட்டுக்கு வருவான். உன் முகத்தைப் பாத்தா வாய் வராது. மண்வெட்டியை எடுத்துக்கிட்டு இறங்கிடுவான். சத்தம் கேட்டா எனக்குத் தெரிஞ்சுடும், இன்னிக்கும் சொல்லலைன்னு."

எப்படி வீட்டுக்கு வந்தேன் என்று நினைவில்லை.

மே 19, திங்கள்

லீவு. வயிற்று வலி என்று சொன்னேன்.

மே 22, வியாழன்

டீ போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேனே. குழி ஓரத்துல உக்காந்து, போதும் வாங்க, நாளைக்குத் தோண்டிக்கலாம்னு கூப்பிட்டேனே. கையை நீட்டி மேல தூக்கிவிட்டேனே தினமும். உள்ளங்கையெல்லாம் கொப்புளம்னு பாத்துட்டு மருந்து போட்டு ஊதிவிட்டேனே! எனக்காக இப்படிப் பாடுபடறாரேன்னு கடையில பெருமை வேற. அந்தக் கையை என்கிட்ட நீட்டிக்கிட்டு எப்படிய்யா உக்காந்திருந்தே?

சொல்லியிருக்கலாமே. ஒரு வார்த்தை. முழங்கால் ஆழத்திலேயே சொல்லியிருக்கலாம்.

மே 25, ஞாயிறு

அவருடைய சட்டை, செருப்பு எல்லாவற்றையும் குழியில் எறிந்தேன். எதுவும் மூழ்கவில்லை. மிதந்துகொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தன. கடைசியில் நானே கொம்பை வைத்து இழுத்து, அலசி, காயப்போட்டேன். இப்படி ஒரு பைத்தியக்காரி உலகத்தில் இருப்பாளா?

அண்ணி சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து கூப்பிட்டார். ஐந்து மாசம் இந்தச் சுவருக்குப் பின்னால் வாயை மூடிக்கொண்டு இருந்தவர் இப்போது எதற்குக் கூப்பிட வேண்டும்? நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

மே 30, வெள்ளி

'நாளைக்கு'விடம் எல்லாவற்றையும் மூடிவிடச் சொன்னேன். மூடினாலும் தண்ணீருக்கு வழி விட்டுத்தான் மூட வேண்டும், இல்லாவிட்டால் இந்தக் களிமண்ணில் போட்ட மண் சேறாகவே கிடக்கும் என்றார். குழாய் எப்படியும் போட்டாக வேண்டும். குழாய் போட்ட பிறகு கோர்ட் பாதி முடிந்த மாதிரிதானாம். "இவ்வளவு தூரம் வந்துட்டு எதுக்கும்மா விடணும்" என்றார். அவர் பிழைப்பு அவருக்கு. இருந்தாலும் சரி என்றுவிட்டேன்.

சரி என்று சொன்னவுடன் அழுகை வந்துவிட்டது. பாவம், மனிதர் பயந்துபோய் விலையில் கொஞ்சம் குறைத்துக்கொண்டார்.

ஜூன் 8, ஞாயிறு

வேலை தொடங்கியாயிற்று. தண்ணீரை மோட்டார் வைத்து வெளியேற்றினார்கள். பழைய ஜல்லியை வாரி ஒதுக்கினார்கள். அதிக ஆழத்தை நல்ல மண் போட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக இடித்து நிரப்புகிறார்கள். ஒரே நாளில் கொட்டினால் பின்னால் அமுங்குமாம். டிசம்பர் முழுக்கத் தோண்டியதெல்லாம் நிரம்புகிறது. நான் ஜன்னலை மூடிக்கொண்டேன்.

கடையில் கோர்ட் வேலை என்று லீவு கேட்டேன். முதலாளி என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, நல்ல வக்கீலாகப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். திருத்தவில்லை. எப்படியும் அதுவும் ஒரு நாள் வரத்தானே போகிறது.

ஜூன் 14, சனி

இன்று சுவரைக் குடைந்தார்கள். துளை விழுந்ததும் அந்தப் பக்கம் அண்ணியின் கால் தெரிந்தது. அங்கேயே நின்றுகொண்டிருந்திருக்கிறார். குனிந்து பார்த்தார். நானும் குனிந்தேன்.

"கோபம் போகலையா?" என்றார்.

"போகலை."

"சரி, இருக்கட்டும். வேலை செய்யறவங்களுக்கு டீ போட்டிருக்கேன், கை நீட்டி வாங்கிக்கோ."

துளை வழியாக டம்ளர் டம்ளராக வந்தது. கடைசி டம்ளர் எனக்கு. வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன், கை வாங்கிவிட்டது. அதற்குள் 'நாளைக்கு' பின்னால் நின்று, சர்க்கரை கம்மி என்று குறை சொல்லிக்கொண்டிருந்தார்.

ஜூன் 24, செவ்வாய்

அவர் போன் செய்தார். அக்கா சொன்னதைக் கேள்விப்பட்டாராம். மன்னிச்சுடு என்றார். என்ன பண்ணிக்கொண்டிருக்கிறாய் என்று கேட்டார்.

"கோர்ட் போடறேன்."

"எதுக்கு? யார் விளையாடப் போறா?"

போனை வைத்துவிட்டேன். அந்தக் கேள்வி மட்டும் நாள் முழுக்கக் கூடவே வந்தது. அதைவிட வெட்கக்கேடு, அவர் குரல் கேட்டதும் முதலில் வந்தது சந்தோஷம்தான். அதை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது?

ஜூலை 6, ஞாயிறு

மண் உள்ளே புகாமல் இருக்கத் துணி விரித்து, அதன்மேல் துளையிட்ட குழாய், அதைச் சுற்றிக் கழுவிய ஜல்லி. எல்லாம் பின்மூலையைப் பார்த்துச் சரிகிறது. அதற்கு மேல் இடித்து இறுக்கிய அடித்தளம். கண்ணால் பார்த்தால் மட்டமாகத்தான் தெரியும். ரப்பர் வளையத்தை நிமிர்த்தி வைத்தால் மெதுவாக உருண்டு அண்ணி வீட்டுச் சுவருக்குப் போய்விடுகிறது. 'நாளைக்கு' குழந்தை மாதிரி அதையே திரும்பத் திரும்பச் செய்து காட்டினார்.

மேல்தளம் இப்போது போட மாட்டாராம். ஒரு நல்ல மழையை அடித்தளம் பார்த்துவிட வேண்டும். எங்கே நிற்கிறது, எங்கே அமுங்குகிறது என்று தெரிந்த பிறகுதான் மேலே கை வைப்பார். அவர் நாளைக்கு என்று சொல்வதில் நியாயமான ஒன்று இதுதான்.

ஜூலை 17, வியாழன்

மழை இல்லை. வானத்தைப் பார்த்தே கழுத்து வலிக்கிறது.

ஜூலை 27, ஞாயிறு

வந்தது. மத்தியானம் இருட்டிக்கொண்டு, கொட்டு கொட்டென்று கொட்டியது. குடையை எடுத்துக்கொண்டு ஓடினேன். சுவருக்கு அந்தப் பக்கம், குழாயின் வாயருகே, அண்ணியும் குடையோடு நின்றுகொண்டிருந்தார். சொல்லிவைத்துக்கொள்ளவில்லை, ஆனாலும் இருவரும் வந்துவிட்டோம். சுவரோரமாக அவர் குடையின் உச்சி மட்டும் எனக்குத் தெரிந்தது.

"வருதா அண்ணி?"

"இல்லை."

அடித்தளத்தின் மேல் தண்ணீர் படலமாக ஓடி ஓரத்து ஜல்லிக்குள் இறங்கியது. எங்கேயோ போகிறது. எங்கே?

"இப்போ?"

"ஒண்ணுமில்லை."

போச்சு. இதுவும் போச்சு. நான் தொட்டது எது விளங்கியிருக்கிறது? மறுபடியும் கிண்ணம், மறுபடியும் தவளை, மறுபடியும் பக்கெட். யார் விளையாடப் போறா என்று அவர் கேட்டதில் என்ன தப்பு? குடையைச் சரியாகப் பிடிக்கக்கூடத் தோன்றாமல் நனைந்துகொண்டு நின்றேன்.

அப்போது சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அண்ணியின் குரல்.

"வந்துடுச்சு."

ஜனவரியிலிருந்து யாராவது வந்து சொல்ல மாட்டார்களா என்று நான் காத்துக்கொண்டிருந்தது கிட்டத்தட்ட இந்தச் சொல்லுக்குத்தான். வந்துட்டான்மா, வந்துட்டான் என்று இந்தப் பக்கத்துச் சுவருக்கு மேலேதான் இந்தக் குரல் கேட்கும் என்று நினைத்திருந்தேன். அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டேன். இத்தனை நாள் அழுததெல்லாம் அழுகையே இல்லை.

நான் உட்கார்ந்தது அண்ணிக்குத் தெரியாது, நடுவில் சுவர். அவர் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தார். முதலில் கலங்கலாக வந்தது, இப்போது தெளிகிறது, நன்றாக வேகமாக வருகிறது என்று. நடுவில் அவர் குரலும் ஒரு மாதிரி கம்மிவிட்டது. அவருக்கும் அவன் தம்பிதானே. கொஞ்சம் பொறுத்து, "முடிச்சுட்டு இந்தப் பக்கம் வா. துவட்டிக்கத் துண்டு எடுத்து வெக்கறேன்" என்றார்.

போனேன்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

மேல்தளம் காய்ந்துவிட்டது. கோடு போடுகிறவர் வந்தார். ஒற்றையருக்குப் போடவா, இரட்டையருக்குப் போடவா என்று கேட்டார். நான் உள்ளே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். அதற்குள் 'நாளைக்கு' முந்திக்கொண்டு இரண்டுமே போடச் சொல்லியிருந்தார். இருந்துவிட்டுப் போகட்டும்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

நேற்றெல்லாம் மழை. காலையில் போய்ப் பார்த்தால் கோர்ட்டில் சொட்டுத் தண்ணீர் இல்லை.

அண்ணி வந்தார். கால்வலித் தைலம் தேய்த்துக்கொண்டு, தலைமுடியை இறுக்கி முடிந்துகொண்டு, சண்டைக்கு வருகிற மாதிரி வந்து வலைக்கு அந்தப் பக்கம் நின்றார். சின்ன வயதில் தம்பிக்கு இந்த விளையாட்டைச் சொல்லிக்கொடுத்ததே தான்தான் என்றார். இத்தனை வருஷத்தில் இதை என்னிடம் ஒருவரும் சொன்னதில்லை.

எறிந்தார். விழுந்துவிட்டது. மறுபடி எறிந்தார். அதுவும் விழுந்தது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கை நன்றாகத்தான் இருக்கிறது, கண்ணும் நன்றாகத்தான் தெரிகிறது. நாலைந்து விழுந்த பிறகு அண்ணி வளையத்தைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். அப்போதுதான் கீழே பார்த்தேன். பழக்கதோஷம், வலப்பக்கக் கோட்டை ஒட்டி நின்றுகொண்டிருக்கிறேன். விழுந்ததெல்லாம் இடப்பக்கம். ஒன்றையும் நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"நடுவுல வந்து நில்லும்மா" என்றார் அண்ணி.

வந்து நின்றேன். அடுத்த வளையமும் இடப்பக்கம்தான் வந்தது. பிடிக்க முடியவில்லை, ஆனால் கை பட்டது.